பூட்டைத் திறக்க மறந்த விமானம்

விமான விபத்து என்ற செய்தியைப் பத்திரிகையில் கண்டவுடன் நாம் என்ன நினைக்கிறோம்? இயந்திரம் பழுதாகியிருக்கும், புயலில் சிக்கியிருக்கும், பறவை மோதியிருக்கும் என்றெல்லாம் நினைக்கிறோம். வானத்தில் பறக்கும்போதுதான் ஆபத்து, தரையில் இருக்கும்வரை அச்சமில்லை என்றும் எண்ணுகிறோம். ஆனால் நான் இங்கே எழுதப்போகும் விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை. அதன் இரண்டு இயந்திரங்களும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. வானம் அமைதியாக இருந்தது. ஓட்டியவர்கள் இருவரும் பதினாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்து பழகியவர்கள். அப்படியிருந்தும் அதில் இருந்த ஏழு பேரும் மாண்டனர்.

அது 2014-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள், சனிக்கிழமை இரவு. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே பெட்ஃபோர்டு என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஹான்ஸ்கம் விமான நிலையத்திலிருந்து கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 என்னும் சிறிய தனியார் ஜெட் விமானம் அட்லாண்டிக் சிட்டிக்குப் புறப்பட்டது. ஃபிலடெல்ஃபியா நகரின் ‘இன்குவைரர்’ நாளிதழின் பங்குதாரர்களில் ஒருவரான லூயிஸ் காட்ஸ் என்பவரும் அவருடன் வந்த மூவரும் பயணிகள். பக்கத்து ஊரில் கல்விப் பணி ஒன்றுக்காக நடந்த நிகழ்ச்சிக்குச் சென்றுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். விமானிகள் இருவர், பணிப்பெண் ஒருவர். மணி இரவு 9.40.

விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. வேகம் கூடியது. மேலே எழும்ப வேண்டிய நேரம் வந்தபோது தலைமை விமானி தம் முன்னால் இருந்த பிடியைப் பின்னால் இழுத்தார். அது அசையவில்லை. ஏன் அசையவில்லை என்பதை அறிய, விமானத்தின் அமைப்பைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

விமானத்தின் வாலிலும் இறக்கைகளிலும் கதவுபோல் அசையும் பலகைகள் உண்டு. வாலில் படுக்கை வாட்டில் இருப்பது எலிவேட்டர். அது மேல்நோக்கித் திரும்பினால் வால் தாழும், மூக்கு உயரும், விமானம் எழும்பும். இறக்கை ஓரத்தில் இருப்பவை விமானத்தை இடமாகவோ வலமாகவோ சாய்ப்பவை. வாலில் நிமிர்ந்து நிற்பது சுக்கான். கப்பலின் சுக்கான் போலவே அதுவும் திசை திருப்பும். விமானி கையால் அசைக்கும் பிடியும் காலால் மிதிக்கும் பெடலும் இவற்றோடு இணைந்திருக்கின்றன.

விமானம் வெட்டவெளியில் நிற்கும்போது பலத்த காற்று வீசினால் இந்தப் பலகைகள் படபடவென்று அடித்துக்கொண்டு உடைந்துபோகும். நம் வகுப்பறை சன்னல் கதவுகளுக்குக் கொக்கி போடாமல் விட்டால் ஆடி மாதத்தில் என்ன ஆகிறது என்பது நமக்குத் தெரியுமே! அதற்காகவே விமானத்தில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் கஸ்ட் லாக். காற்றுப் பூட்டு என்று சொல்லலாம். விமானி அறையில் உள்ள ஒரு கைப்பிடியை நகர்த்தினால் எல்லாப் பலகைகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். அன்று மாலைப் பொழுது முழுவதும் அந்த விமானம் நின்றுகொண்டிருந்ததால் பூட்டுப் போட்டிருந்தது. இயந்திரங்களை இயக்கும் முன்பே அதைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மறதி யாருக்கும் வரும். விமானம் செய்பவர்களுக்கும் அது தெரியும். ஆகையால் மறந்தாலும் கண்டுபிடிக்க வழி செய்திருக்கிறார்கள். புறப்படும் முன் விமானி பிடியை முன்னும் பின்னும் இடமும் வலமும் முழுமையாக அசைத்துப் பார்க்க வேண்டும். பெடல்களையும் கடைசிவரை மிதித்துப் பார்க்க வேண்டும். இதற்குச் சில வினாடிகள் போதும். பூட்டு இருந்தால் பிடி அசையாது, உடனே தெரிந்துவிடும். இந்தச் சோதனை, விமானிகள் வாய்விட்டுப் படிக்க வேண்டிய பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குச் செக்லிஸ்ட் என்று பெயர். ஒருவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மற்றவர் பார்த்து மறுமொழி சொல்ல வேண்டும். நம் சிற்றாலயத்தில் மன்றாட்டு மாலை சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் நிற்பவர் சொல்லச் சொல்ல நாம் எல்லோரும் பதில் சொல்கிறோம் அல்லவா, அதே முறை.

விமானி அறையில் பேசப்படுவதையெல்லாம் பதிவு செய்யும் கருவி ஒன்று உண்டு. விபத்துக்குப் பின் அதை எடுத்துக் கேட்டார்கள். அன்று இரவு பட்டியலை ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி கூறியதாக அதில் எதுவும் இல்லை.

இனி ஓடுபாதைக்கு வருவோம். அது 7,011 அடி நீளம் உள்ளது. விமானி விசையைக் கூட்டும் நெம்புகோல்களை முன்னே தள்ளியபோது அவை பாதியில் நின்றன. பூட்டுப் போட்டிருக்கும்போது விசையைக் கூட்ட முடியாதபடி ஒரு தடையும் அந்த விமானத்தில் வைக்கப்பட்டிருந்தது. நெம்புகோல் 6 பாகைக்கு மேல் நகரக் கூடாது என்பது அதை அமைத்தவர்களின் எண்ணம். அந்த அளவில் நின்றிருந்தால் புறப்படுவதற்கு வேண்டிய விசையே கிடைத்திருக்காது, விமானிகளும் விழித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் விபத்துக்குப் பின் பயன்பாட்டில் இருந்த அதே வகை விமானங்கள் ஒன்பதைச் சோதித்தபோது, நெம்புகோல் அதைப்போல மூன்று நான்கு மடங்கு நகர்ந்தது! இந்தக் குறையை விமானத்துக்கு அனுமதி வழங்கிய அரசு நிர்வாகமும் அந்தக் காலத்தில் கண்டுபிடிக்கவில்லை. வரைபடங்களைப் பார்த்து ஒப்புக்கொண்டார்களாம். எனக்கு இது மிகவும் வியப்பாக இருந்தது. வேதியியல் சோதனையை வெறும் படத்தில் பார்த்துவிட்டு முடிவை எழுதினால் நம் ஆசிரியை விடுவாரா?

விசை போதாது என்று கண்ட தலைமை விமானி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. தானாக விசையைச் சரிசெய்யும் கருவியை இயக்கினார். நெம்புகோல்கள் இன்னும் சிறிது நகர்ந்தன. வேண்டிய அளவை எட்டாவிட்டாலும் அதற்கு அருகே விசை வந்தது. துணை விமானி வழக்கம்போல வேகத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எழும்ப வேண்டிய வேகம் வந்தது. பிடி அசையவில்லை. ‘பூட்டுப் போட்டிருக்கிறது’ என்று தலைமை விமானி மீண்டும் மீண்டும் சொன்னது பதிவாகியிருக்கிறது.

இந்த விபத்தைப் பற்றி அறிந்தபோது என் மனத்தைவிட்டு அகலாத இடம் இதுதான். என்ன தவறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தம் வாயாலேயே சொல்லிவிட்டார். அந்தக் கணமே நிறுத்தியிருந்தால் விமானம் பாதைக்குள்ளேயே நின்றிருக்கும். அந்தக் கணத்தில் மட்டுமல்ல, அதற்குப் பின் சுமார் 11 வினாடிகள் வரையிலும் நிறுத்துவதற்கு வாய்ப்பு இருந்தது என்று ஆராய்ந்தவர்கள் கூறினார்கள். ஆனால் பிரேக்கை அழுத்தவே 10 வினாடிகள் ஆயின. அப்போதும் விசையைக் குறைக்கவில்லை. அதைக் குறைக்க மேலும் 4 வினாடிகள் சென்றன. ஒரு காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே மறுகாலால் வண்டியை விரட்டியதுபோல் அந்த நான்கு வினாடிகளும் கழிந்தன.

பத்து வினாடி என்பது நமக்கு ஒன்றுமில்லை. பள்ளி மணி அடித்து முடிவதற்குள் போய்விடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வினாடிக்கு 75 மீட்டர் ஆகிறது. பத்து வினாடியில் முக்கால் கிலோமீட்டர்! விமானம் ஓடுபாதையைத் தாண்டி, புல்தரையைக் கடந்து, விளக்குக் கம்பங்களிலும் விமானங்களுக்கு வழிகாட்டும் ஆண்டெனா ஒன்றிலும் மோதி, வேலியை உடைத்துக்கொண்டு ஒரு பள்ளத்தில் போய் நின்றது. உடனே தீப்பற்றியது.

இவ்வளவு பழகியவர்கள் எப்படி இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் விட்டார்கள்? அன்று ஒரு நாள் மட்டும் அவசரமோ, களைப்போ என்று நாம் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த விமானத்தில் இன்னொரு கருவி இருந்தது. பலகைகள் எப்போது எவ்வளவு அசைந்தன என்பதைப் பயணத்துக்குப் பயணம் அது குறித்துக்கொண்டே வந்திருந்தது. அதற்கு முன் அந்த விமானம் புறப்பட்ட 175 தடவைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 98 விழுக்காட்டில் அந்தச் சோதனை முழுமையாகச் செய்யப்படவே இல்லை. அதாவது 170 தடவைக்கும் மேல்! ஒவ்வொரு முறையும் விமானம் நன்றாகத்தான் எழும்பியது. ஆகவே செய்யாமல் விடுவதே வழக்கமாகிவிட்டது. அந்த இருவரும் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே பறந்தவர்கள். ஒருவர் செய்யாவிட்டால் மற்றவர் கேட்பதற்காகத்தான் இரண்டு விமானிகளை உட்கார வைக்கிறார்கள். நெருங்கிப் பழகியதால் அந்தக் கேள்வி நின்றுபோயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. தோழிகளாகிய நாம் ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தும்போது எத்தனை பிழைகளைக் கண்டும் காணாமல் ‘சரி’ போடுகிறோம் என்று நினைத்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது.

இந்தச் செக்லிஸ்ட் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அங்கேதான் நான் சிறிதும் எதிர்பாராத ஒன்று இருந்தது.

1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டேட்டன் நகரை அடுத்த ரைட் ஃபீல்டு என்ற இராணுவ விமானத்தளம். போயிங் நிறுவனம் மாடல் 299 என்னும் நான்கு இயந்திர விமானத்தைச் செய்து, இராணுவம் வாங்குவதற்காகக் கொண்டுவந்திருந்தது. போட்டிக்கு வந்திருந்த மற்ற விமானங்களைவிட இது வேகத்திலும் தூரத்திலும் சிறந்து நின்றது. மேஜர் ப்ளாயர் ஹில் என்ற தேர்ந்த இராணுவ விமானி அன்று அதை ஓட்டினார். விமானம் எழும்பியது, செங்குத்தாக மேலே ஏறியது, நிலைகுலைந்து கீழே விழுந்து எரிந்தது. ஹில் அவர்களும், உடன் இருந்த போயிங் நிறுவனத்துச் சோதனை விமானி லெஸ்லி டவர் அவர்களும் அந்தக் காயங்களால் உயிரிழந்தனர். இயந்திரத்தில் யாதொரு கோளாறும் இல்லை. அவர்கள் காற்றுப் பூட்டைத் திறக்க மறந்திருந்தார்கள்!

விமானம் மனிதரால் ஓட்ட முடியாத அளவுக்குச் சிக்கலானது என்று பலர் பேசினார்கள். இராணுவம் பெரிய ஒப்பந்தத்தை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, போயிங்கிடம் சோதனைக்காக 13 விமானங்களை மட்டும் வாங்கியது. அவற்றை ஓட்ட வேண்டியிருந்த விமானிகள் கூடி யோசித்தார்கள். விமானிக்குத் திறமை குறைவில்லை, நினைவில் வைக்க வேண்டியவைதாம் மிகுதி என்று கண்டார்கள். ஆகவே புறப்படும் முன், பறக்கும்போது, இறங்கும் முன், இறங்கிய பின் என்று பிரித்து, செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டார்கள். இப்படித்தான் செக்லிஸ்ட் வழக்கத்துக்கு வந்தது. அதே விமானம் பின்னர் பி-17 என்ற பெயரில் 12,000-க்கும் மேல் செய்யப்பட்டது.

எந்தப் பூட்டை மறந்ததால் அந்தப் பட்டியல் பிறந்ததோ, அதே வகைப் பூட்டை 79 ஆண்டுகளுக்குப் பின், பட்டியல் இருந்தும், இரண்டு விமானிகள் மறந்தார்கள். இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் நான் ஒன்றும் எழுதவில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2015 செப்டம்பரில் தன் முடிவை வெளியிட்டது. சோதனை செய்யாதது, பூட்டோடு புறப்பட முயன்றது, தெரிந்த பின்னும் நிறுத்தத் தாமதித்தது ஆகிய மூன்றையும் விமானிகளின் தவறாக அது கூறியது. ஆனால் அத்தோடு முடிக்கவில்லை. தடையைச் சரியாக அமைக்காத விமான நிறுவனத்தையும், அதைக் கவனியாமல் அனுமதி தந்த அரசு நிர்வாகத்தையும் சேர்த்தே சொன்னது. இது எனக்கு நியாயமாகப் படுகிறது. இறந்துபோனவர்கள் மறுமொழி சொல்ல வரமாட்டார்கள் என்பதால் எல்லாப் பழியையும் அவர்கள் மேல் ஏற்றிவிடுவது எளிது. அந்த இருவருக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆயினும் பழியில் பெரும்பகுதி அவர்களுடையதே என்பதையும் மறுக்க முடியவில்லை. தடை சரியாக இருந்திருந்தாலும் அது மறந்தவரைத் தடுக்க வைத்த இரண்டாவது காவல்தான். முதல் காவல் அவர்களே.

அந்த வாரியம் இன்னொன்றும் கேட்டது. இந்த இருவர் மட்டும்தான் இப்படியா, மற்றவர்களும் உண்டா என்று பார்க்கச் சொன்னது. அமெரிக்காவின் தேசிய வணிக விமானச் சங்கம் 2013 முதல் 2015 வரை தனியார் ஜெட் விமானங்கள் பறந்த 1,43,756 பயணங்களின் பதிவுகளைத் திரட்டி, 2016-இல் விடையை வெளியிட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 18 பயணங்களில் அந்தச் சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை. 2,923 பயணங்களில் பிடியை ஒழுங்காக அசைத்துப் பார்க்கவே இல்லை.