'லேப்டாப்பில் ஓடுது, போர்டில் ஓட மாட்டேங்குது' - எம்பெடட் லினக்ஸுக்கு ஐடிஇ அமைப்பது எப்படி?

85 டிகிரி செல்சியஸ்.

கடந்த கோடையில், டெல்லியில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டுக்குள் நான் பொருத்திய சிறு கருவி பதிவு செய்த வெப்பநிலை இது. அந்த வீட்டில் ஒரு குடும்பம் வசிக்கிறது. 85 டிகிரியில் யாரும் குடியிருக்க முடியாது. ஆக, எங்கோ தப்பு நடந்திருக்கிறது. சென்சாரிலா, ஒயரிலா, நான் எழுதிய புரோகிராமிலா?

பதில் கிடைக்க மூன்று நாள் ஆனது. அதில் பெரும்பகுதி, பிழையைத் தேடுவதற்கான வசதியை லேப்டாப்பில் அமைப்பதிலேயே போய்விட்டது. இன்ஜினியரிங் கல்லூரியில் புராஜெக்ட் செய்கிறவர்கள், சென்சார் வைத்துத் தரவு சேகரிக்கிறவர்கள் பலரும் சிக்குவது இதே இடத்தில்தான். அந்த அமைப்பைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

எம்பெடட் லினக்ஸ் என்றால் என்ன?

உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டரும் செட்டாப் பாக்ஸும்கூட கம்ப்யூட்டர்கள்தான். இவற்றில் பல லினக்ஸில் இயங்குகின்றன. ஒரே வேலைக்காக ஒரு கருவிக்குள் பொதிந்து வைக்கப்பட்ட லினக்ஸைத்தான் எம்பெடட் லினக்ஸ் என்கிறார்கள்.

கற்றுக்கொள்வதற்கு ராஸ்பெரி பை, பீகிள்போன் போன்ற சிறு போர்டுகள் போதும். நான் பயன்படுத்தியது ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ. 2021-ல் வந்த இந்தப் போர்டில் நான்கு கோர் கொண்ட ஏஆர்எம் பிராசசரும் 512 எம்பி நினைவகமும் இருக்கின்றன.

சின்ன வேலைக்கு பைத்தான் போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனால் நினைவகம் குறைவாக உள்ள கருவிகளிலும், மாதக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டிய கருவிகளிலும் சி, சி++ மொழிகளின் கைதான் இன்றும் ஓங்கியிருக்கிறது. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

லேப்டாப்பில் ஓடுவது போர்டில் ஏன் ஓடாது?

பெரும்பாலான லேப்டாப்களில் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர் இருக்கிறது. போர்டில் இருப்பது ஏஆர்எம். இரண்டும் வெவ்வேறு கட்டளை மொழி பேசுபவை. லேப்டாப்பில் வழக்கம்போல கம்பைல் செய்த புரோகிராமைப் போர்டில் ஓட்டினால், 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று ஒரே வரியில் மறுத்துவிடும்.

போர்டிலேயே எழுதி, போர்டிலேயே கம்பைல் செய்யலாம். ஆனால் 512 எம்பி நினைவகத்தில் பெரிய புரோகிராம் கம்பைல் ஆவதற்குள் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். அதனால் லேப்டாப்பில் உட்கார்ந்துகொண்டே ஏஆர்எம்-க்கான புரோகிராமை உருவாக்குகிறோம். இதற்குப் பெயர் கிராஸ் கம்பைல்.

ஐடிஇ எதற்கு?

எழுதுவது, கம்பைல் செய்வது, போர்டுக்கு அனுப்புவது, ஓடும்போதே நிறுத்திப் பிழை தேடுவது. இந்த நான்கையும் ஒரே ஜன்னலுக்குள் கொண்டுவருவதுதான் ஐடிஇ. இந்தத் துறையில் எக்லிப்ஸ் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. திரை கொண்ட கருவிகளுக்குப் பலர் க்யூடி கிரியேட்டரை விரும்புகிறார்கள். இங்கே நாம் எடுத்துக்கொள்வது விஎஸ் கோட். தனியாகப் பார்த்தால் அது ஒரு எடிட்டர்தான்; எக்ஸ்டென்ஷன்களைச் சேர்த்ததும் ஐடிஇ ஆகிவிடும்.

"ரிமோட் எஸ்எஸ்ஹெச் எக்ஸ்டென்ஷன் போட்டு நேராக போர்டுக்குள்ளேயே போய்விடலாமே?" என்று சிலர் சொல்வார்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள போர்டு என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த வசதி போர்டில் தன் சர்வர் ஒன்றை நிறுவி ஓட்டுகிறது. அதற்குக் குறைந்தது 1 ஜிபி நினைவகம் தேவை. 512 எம்பி போர்டு திணறிவிடும்.

படி 1: போர்டைத் தயார் செய்யுங்கள்

ராஸ்பெரி பை இமேஜர் மூலம் மெமரி கார்டில் 64-பிட் இயங்குதளத்தைப் பதியும்போதே பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை விவரங்களைக் கொடுத்துவிடுங்கள், எஸ்எஸ்ஹெச்-ஐயும் இயக்கிவிடுங்கள். பழைய யூடியூப் வீடியோக்களில் 'பை' என்ற பயனர் பெயரில் நுழையச் சொல்வார்கள். அந்த இயல்புப் பெயர் 2022 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

போர்டுக்குள் நுழைந்ததும் 'ஜிடிபி சர்வர்' என்ற சிறு மென்பொருளை நிறுவுங்கள். பிழை தேடும்போது போர்டின் பக்கம் நின்று வேலை செய்யப்போவது இதுதான்.

படி 2: பதிப்புகளைப் பொருத்துங்கள்

நான் அதிக நேரம் இழந்தது இங்கேதான். என் லேப்டாப்பில் உபுண்டு 24.04. போர்டில் இருந்தது டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். கிராஸ் கம்பைலரை நிறுவினேன், கம்பைல் ஆனது, போர்டுக்கு அனுப்பினேன். 'ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை' என்று நின்றுவிட்டது.

ஜிலிப்சி என்பது ஏறக்குறைய எல்லா புரோகிராம்களும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம். உபுண்டு 24.04-ல் அதன் பதிப்பு 2.39. டெபியன் 12-ல் 2.36. பழைய பதிப்போடு இணைத்த புரோகிராம் புதியதில் ஓடும். புதியதோடு இணைத்தது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதற்கு எளிய வழி, லேப்டாப்பில் டாக்கர் நிறுவி, போர்டில் உள்ள அதே டெபியன் 12-ஐ ஒரு கண்டெய்னராக ஓட்டுவது. விஎஸ் கோடில் 'டெவ் கண்டெய்னர்ஸ்' எக்ஸ்டென்ஷனைப் போட்டால், ஐடிஇ அந்தக் கண்டெய்னருக்குள்ளிருந்தே வேலை செய்யும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் முதலில் டபிள்யூஎஸ்எல் 2-ஐ நிறுவிவிட்டு இதையே செய்யலாம். உங்கள் போர்டில் டெபியன் 13 இருந்தால் கண்டெய்னரும் டெபியன் 13-ஆக இருக்க வேண்டும்.

படி 3: டூல்செயின்

கண்டெய்னருக்குள் நான்கு தொகுப்புகளை நிறுவ வேண்டும். ஒன்று, ஏஆர்எம் 64-க்கான 'கிராஸ்பில்ட் எசென்ஷியல்'. இதில் கம்பைலர், லிங்கர், தேவையான நூலகங்கள் எல்லாம் வந்துவிடும். இரண்டு, சிமேக். மூன்று, 'ஜிடிபி மல்டிஆர்ச்'. நான்கு, கோப்புகளை அனுப்ப ஆர்சிங்க்.

அடுத்து, சிமேக்குக்கு ஒரு 'டூல்செயின் ஃபைல்' எழுத வேண்டும். நான்கைந்து வரிகள்தான். புரோகிராம் ஓடப்போகும் அமைப்பு லினக்ஸ், பிராசசர் ஏஆர்எம் 64, பயன்படுத்த வேண்டிய கம்பைலர் இது என்று அதில் சொல்கிறோம்.

முதல் கம்பைல் முடிந்ததும் டெர்மினலில் 'ஃபைல்' கட்டளையை அந்தப் புரோகிராமின் மேல் ஓட்டிப் பாருங்கள். விடையில் ஏஆர்எம் என்று வந்தால் சரி. எக்ஸ்86 என்று வந்தால் டூல்செயின் ஃபைலை சிமேக் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

படி 4: அனுப்புவதைத் தானியங்கியாக்குங்கள்

ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்டால் வேலை ஓடாது. எஸ்எஸ்ஹெச் சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பொதுப் பகுதியைப் போர்டுக்கு நகலெடுங்கள். பிறகு விஎஸ் கோடின் 'டாஸ்க்ஸ்' கோப்பில் மூன்று வேலைகளை வரிசையாக எழுதுங்கள்: கம்பைல் செய், ஆர்சிங்க் மூலம் அனுப்பு, போர்டில் ஜிடிபி சர்வரைத் தொடங்கு.

போர்டை அதன் ஐபி முகவரியால் குறிப்பிடுங்கள். '.லோக்கல்' என்று முடியும் பெயர்கள் கண்டெய்னருக்குள் பெரும்பாலும் வேலை செய்யாது.

படி 5: டீபக்கரை இணையுங்கள்

சி/சி++ எக்ஸ்டென்ஷனை நிறுவியபின், 'லாஞ்ச்' கோப்பில் இரண்டு விஷயங்கள் முக்கியம். டீபக்கராக ஜிடிபி மல்டிஆர்ச்-ஐக் காட்ட வேண்டும். சர்வர் முகவரியாகப் போர்டின் ஐபி முகவரியையும், ஜிடிபி சர்வருக்கு நீங்கள் கொடுத்த போர்ட் எண்ணையும் எழுத வேண்டும். 2345 என்ற எண்ணைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்.

கம்பைல் செய்யும்போது 'டீபக்' வகையைத் தேர்ந்தெடுங்கள். 'ரிலீஸ்' வகையில் கம்பைலர் வேகத்துக்காக வரிகளை இடம் மாற்றிவிடும். நீங்கள் பத்தாவது வரியில் நிறுத்தினால் அது பதினாலாவது வரியில் போய் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜிடிபி சர்வருக்கு பாஸ்வேர்டு கிடையாது. அந்த போர்ட் எண்ணை அடைய முடிகிற யாரும் உங்கள் புரோகிராமைக் கட்டுப்படுத்தலாம். வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் பயன்படுத்துங்கள், வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். கல்லூரி ஹாஸ்டல் வைஃபை என்றால் எஸ்எஸ்ஹெச் வழியாகச் சுரங்கம் போட்டு இணைப்பதே பாதுகாப்பு.

சரி, அந்த 85 எங்கிருந்து வந்தது?

எல்லாம் தயாரானதும், 'வெப்பநிலை 85 ஆனால் மட்டும் நில்' என்று நிபந்தனையுடன் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தேன். காத்திருந்தேன். புரோகிராம் நின்றது.

என் சென்சார் டிஎஸ்18பி20. மின்சாரம் கிடைத்தவுடன், முதல் அளவை எடுப்பதற்கு முன்பே, அதன் நினைவில் இருக்கும் தொடக்க எண் 85 டிகிரி. அளவெடுக்க 12-பிட் துல்லியத்தில் அதற்கு 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். அந்த நேரத்துக்குள் மின்சாரம் ஒரு கணம் விட்டு வந்தால், தொடக்க எண்ணையே விடையாகக் கொடுத்துவிடும். தரவு சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் சிஆர்சி சோதனையிலும் அது பாஸ் ஆகிவிடும். என் புரோகிராம் அதை நம்பிவிட்டது. உண்மையான காரணம், தளர்ந்துபோன ஒரு ஜம்பர் ஒயர்.

ஒயரை சால்டர் செய்தேன். முந்தைய அளவிலிருந்து திடீரெனத் தாவி வரும் 85-ஐ நிராகரிக்க ஒரு வரி சேர்த்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் ஒரு நாளைக்கு 144 அளவுகள். உண்மையான சராசரி 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆறு அளவுகள் மட்டும் பொய்யான 85 ஆக மாறினால், சராசரி ஏறக்குறைய 40 ஆகிவிடும். 85-ஐ நேரில் பார்த்தால் யாரும் சிரித்துவிட்டு நீக்கிவிடுவார்கள். சராசரிக்குள் ஒளிந்த இரண்டு டிகிரியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அது அப்படியே செய்தியாகும், வெப்ப நிவாரணம் பற்றிய விவாதத்தில் ஆதாரமாகும்.

இந்தியாவில் இது ஏன் முக்கியம்?

ஆர்ஐஎஸ்சி-வி என்ற திறந்த கட்டமைப்பில் உள்நாட்டு பிராசசர்களை உருவாக்க, மத்திய அரசு 2022 ஏப்ரலில் டிஐஆர்-வி திட்டத்தை அறிவித்தது. சென்னை ஐஐடியின் 'சக்தி', சி-டாக்கின் 'வேகா' ஆகியவை இந்த வரிசையில் உள்ளவை. சிப் வந்தால் போதாது, அதன்மேல் ஓடும் மென்பொருளை எழுத ஆட்கள் வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், மேலே பார்த்த ஐந்து படிகளின் வரிசை லினக்ஸ் ஓடும் ஆர்ஐஎஸ்சி-வி போர்டுக்கும் அதேதான். கம்பைலரும் டூல்செயின் ஃபைலில் ஓரிரு வரிகளும் மாறும். நிறுவனங்களில் டெபியனுக்குப் பதிலாக யோக்டோ மூலம் தயாரித்த லினக்ஸ் இருக்கலாம். அப்போது அந்தக் குழு தரும் எஸ்டிகே-யை நிறுவி, அதன் 'என்விரான்மென்ட் செட்டப்' கோப்பை ஒரு டெர்மினலில் இயக்கிவிட்டு, அதே டெர்மினலிலிருந்தே விஎஸ் கோடைத் திறங்கள். ஐகானைக் கிளிக் செய்து திறந்தால் அந்த அமைப்புகள் ஐடிஇ-க்குத் தெரியாது.

எவ்வளவு செலவாகும்?

ஜிசிசி, ஜிடிபி, சிமேக், டெபியன் எல்லாம் திறந்த மூல மென்பொருட்கள். விஎஸ் கோடுக்கும் கட்டணம் இல்லை. போர்டு, மெமரி கார்டு, சென்சார் ஆகியவற்றுக்கு மட்டும்தான் செலவு. போர்டு வாங்கும் முன்பே பழக வேண்டுமா? க்யூஇஎம்யூ என்ற எமுலேட்டர் மூலம் ஏஆர்எம் புரோகிராமை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

முதல் நாளே சென்சார் வரை போக வேண்டாம். 'வணக்கம்' என்று அச்சிடும் ஐந்து வரி புரோகிராமைப் போர்டில் ஓட்டி, அதில் ஒரு பிரேக்பாயிண்டில் நிறுத்திக் காட்டுங்கள். அது நடந்துவிட்டால் உங்கள் ஐடிஇ தயார்.