உங்களுக்குத் தெரியுமா? குறி ஒன்று, பலி வேறொன்று

★ மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் வாக்கிட்டா. டால்பினுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒன்றரை மீட்டர் நீளம்தான்; கண்ணைச் சுற்றி மை தீட்டிவிட்டதுபோல் கருவளையம். இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய பத்து. இத்தனைக்கும் அதை யாரும் தின்பதில்லை, விற்பதும் இல்லை. அதே கடலில் டொடோவாபா என்றொரு பெரிய மீன் இருக்கிறது. நம் கூறல் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. கூறல் நெட்டிக்கு, அதாவது காற்றுப்பைக்கு, என்ன மவுசு என்று நம் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கும் அதே கதைதான். டொடோவாபாவின் நெட்டி கள்ளத்தனமாகச் சீனச் சந்தைக்குப் போகிறது. அதற்காக விரிக்கும் வலையில் வாக்கிட்டா சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகிறது.

2017-இல் மிச்சமிருப்பவற்றைப் பிடித்துவந்து காப்பாற்றி வளர்க்கலாம் என்று விஞ்ஞானிகள் இறங்கினார்கள். அகப்பட்டவை இரண்டு. இளசு மிரண்டதால் திருப்பி விட்டுவிட்டார்கள். வளர்ந்த பெண் வாக்கிட்டா அதிர்ச்சி தாங்காமல் இறந்தது. அத்தோடு அந்த முயற்சியையும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

★ 1741-இல் பெரிங் கடல் தீவுகளில் ஸ்டெல்லர் என்ற ஜெர்மானிய இயற்கையாளர் 8 மீட்டர் நீளக் கடற்பசுவைக் கண்டு எழுதிவைத்தார். பின்னாலேயே வந்தவர்கள் தேடியது நீர்நாய்த் தோலை. ஆனால் வேட்டைக்காரர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே! 1768-இல் கடைசிக் கடற்பசுவும் தீர்ந்தது. கண்டுபிடித்து 27 ஆண்டுகள்தான்.

★ அதன் உறவுக்காரர் நம் பாக் நீரிணையில் இன்னும் கடற்புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். சில நிமிடங்களுக்கொரு முறை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும் என்பதால், வலையில் சிக்கினால் இதற்கும் வாக்கிட்டாவின் கதிதான். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையை அறுத்து ஆவுளியாவைத் திருப்பி விடும் மீனவர்களுக்குப் பரிசும் உண்டு. அறுந்த வலையின் விலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மனசு என்பது புரியும்.

★ ஆல்பட்ராஸ் இறக்கையை விரித்தால் முனைக்கு முனை மூன்றரை மீட்டர் வரை வரும். இன்றுள்ள பறவைகளில் இதை மிஞ்ச ஆளில்லை. அப்பேர்ப்பட்டது சாவது ஒரு தூண்டில் முள்ளில். கிலோமீட்டர் கணக்கில் நீளும் கயிற்றில் ஆயிரக்கணக்கான முட்களைக் கட்டிக் கப்பலின் பின்னால் விடுகிறார்கள். இரை தண்ணீரில் அமிழ்வதற்குள் பறவை பாய்ந்து கொத்தும். முள் மாட்டும், கயிறு இழுக்கும், மூழ்கிப்போகும்.

இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? கப்பலின் பின்பக்கம் பளிச்சென்ற நிறத்தில் பட்டை நாடாக்களைக் கட்டித் தொங்கவிடுவது. காற்றில் அவை படபடத்தால் பறவை கிட்டே வராது. நமீபியாவில் கடலடி மீனுக்குத் தூண்டில் விடும் கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியபின் கடற்பறவைச் சாவு 98 விழுக்காடு குறைந்தது. செலவும் அதிகமில்லை. இதைப் படித்ததும் எனக்கு வந்தது மகிழ்ச்சியைவிடக் கோபம்தான்: இதற்கா இத்தனை காலம்?

★ அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ‘டெவில்ஸ் ஹோல்’ என்றொரு பாறைக்குழி. அதிலுள்ள வெந்நீரில் ஒரு அங்குல நீல மீன் இனம் ஒன்று வாழ்கிறது. அந்தக் குழியே அதன் மொத்த உலகம். பக்கத்துப் பண்ணைகள் நிலத்தடி நீரை உறிஞ்ச, குழியில் நீர்மட்டம் இறங்கி, மீன்கள் முட்டையிடும் பாறைத்திட்டு வெளியே தெரியத் தொடங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976-இல் மீன் ஜெயித்தது! ஆனாலும் 2013-இல் எண்ணியபோது இருந்தவை வெறும் 35.

★ நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கருப்பு ராபின் 1980-இல் ஐந்தே ஐந்து. கப்பலேறி வந்த எலியும் பூனையும் செய்த வேலை. குஞ்சு பொரிக்கும் நிலையில் இருந்த பெண் ஒன்றே ஒன்று; காலில் நீல வளையம் இருந்ததால் பெயர் ‘ஓல்டு புளூ’. அதன் முட்டைகளை எடுத்து வேறு இனப் பறவையின் கூட்டில் அடைகாக்க வைத்தார் டான் மெர்ட்டன். கூடு காலியானதும் ஓல்டு புளூ மறுபடி முட்டையிட்டது. இன்றுள்ள இருநூற்றுச் சொச்சம் ராபின்களும் அந்த ஒரு கிழவியின் வாரிசுகள்.

★ 2000 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுக்கு அருகே ‘ட்ரெஷர்’ கப்பல் மூழ்கி எண்ணெய் கொட்டியது. எண்ணெயில் நனைந்த சுமார் 19,000 பென்குவின்களைத் தன்னார்வலர்கள் கையால் கழுவினார்கள். நனையாத மற்றொரு 19,500-ஐ லாரியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி போர்ட் எலிசபெத் கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் இங்கே கரையைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கணக்கு. கணக்கு பலித்தது.

★ கடைசியாக நம் பாறு கழுகு. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு அழிந்தது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம். மருந்து ஏறிய மாடு செத்தால், அந்தச் சடலத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படியும். 2004-இல் இது உறுதியானது. 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடைசெய்யப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

முதுமலையை ஒட்டிய மோயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. மாடு வைத்திருக்கும் வாசகர்கள் வலி ஊசி போடும்போது மெலோக்சிகாம் என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள். அது கழுகுக்கு ஆபத்தில்லாதது, மருந்துக் கடைகளில் கிடைப்பது.