சம்பளச் சீட்டில் ஒரு முதலாளி, திரையில் ஒரு முதலாளி

திருநள்ளாற்றிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். வேலை சொல்கிறவர்கள் பெர்லினில் இருக்கிறார்கள். லீவு கேட்பதும் திட்டு வாங்குவதும் அவர்களிடம்தான். ஆனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, பி.எஃப். எல்லாம் பெங்களூரில் உள்ள இன்னொரு கம்பெனியின் பேரில் வருகின்றன. அந்தக் கம்பெனி ஆட்கள் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. “வரன் பேச வந்தவர்கள் பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் எந்தப் பேரைச் சொல்வது? முதலில் இது உண்மையான வேலைதானா?” என்று கேட்கிறார்.

உண்மையான வேலைதான், ஐயா. வரன் வீட்டாரிடம் பெர்லின் பேரைச் சொல்லுங்கள். வங்கிக் கடனுக்குப் போனால் பெங்களூர் பேரைச் சொல்லுங்கள். இரண்டும் பொய்யில்லை. இந்த ஏற்பாட்டுக்கு எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட் என்று பேர், சுருக்கமாக ஈ.ஓ.ஆர். வேலை வாங்குவது ஒருவர், சட்டத்தின் கண்ணில் முதலாளியாக நிற்பது இன்னொருவர். பாஸ்டனில் 2012இல் தொடங்கிய குளோபலைசேஷன் பார்ட்னர்ஸ், 2019இல் தொடங்கிய டீல், ரிமோட் போன்ற கம்பெனிகள் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்கின்றன. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை என்பது சாதாரணமான பிறகு இந்தத் தொழில் கிடுகிடுவென்று வளர்ந்தது.

பெர்லின்காரர் நேரடியாகவே சம்பளம் போடக் கூடாதா? போடலாம், ஆனால் ஒரே ஒரு பெண்ணை வேலைக்கு வைக்க அவர் இங்கே ஒரு பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு டைரக்டர்கள் வேண்டும். அவர்களில் ஒருவராவது ஒரு நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் இருந்தவராக இருக்க வேண்டும். ஆடிட்டர், வருடாந்தரக் கணக்கு, ஒருநாள் மூட நினைத்தால் அதற்கும் ஒரு நீண்ட படலம். இன்னொரு வழி, அவளைச் சம்பள ஊழியராக வைக்காமல் ‘கன்சல்டன்ட்’ என்று சொல்லிப் பணத்தை மட்டும் அனுப்பிவிடுவது. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். மூன்றாவது வழிதான் ஈ.ஓ.ஆர். ஏற்கெனவே இங்கே பதிவும் கணக்கும் வைத்திருக்கும் கம்பெனி ஒன்று அவளைத் தன் ஊழியராக எடுத்துக்கொள்கிறது. அவள் சம்பளத்தையும் அதற்கு மேல் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணத்தையும் பெர்லினிலிருந்து வாங்குகிறது. வரி பிடித்து, பி.எஃப். கட்டி, மீதியை அவள் கணக்கில் போடுகிறது.

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் சமையல் மாஸ்டர் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். அவர்களுக்குக் கூலி அவர்தான் கொடுத்தார். ஆனால் பந்தியில் அவர்களை விரட்டியது முழுக்க எங்கள் மாமாக்கள்தான். இதெல்லாம் சுமுகமாக நடந்துகொண்டிருந்தபோது பூரி பொரித்துக்கொண்டிருந்த பையன் கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? மாமா மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் மாமாவைப் பார்த்தார். ஈ.ஓ.ஆர். ஏற்பாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் முதல் நாளே எழுதப்பட்டுவிடுகிறது: மாஸ்டருடையது. பெர்லின் கம்பெனி பணம் அனுப்பாமல் போனாலும், திவாலே ஆனாலும், வேலை பார்த்த மாதத்துச் சம்பளம் பெங்களூர் கம்பெனியின் கடன். மகப்பேறு விடுப்பு 26 வாரம், கிராஜுவிட்டி, நோட்டீஸ் காலம் எல்லாம் அதன் பொறுப்பு. இந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொள்ளத்தான் அது கட்டணம் வாங்குகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் மாடியில் உட்கார்ந்து எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம்?

நமது 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பு. நாவலும் நிரலும் அங்கே ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன. வேலையின் பகுதியாக ஊழியர் ஒன்றை எழுதினால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், அதன் முதல் உரிமையாளர் முதலாளிதான் என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே முதலாளி யார்? பெங்களூர்க் கம்பெனி. ஆக எழுதியவளுக்கு உரிமை இல்லை. எழுதச் சொல்லிக் காசு கொடுத்த பெர்லினுக்கும் நேரடியாக உரிமை இல்லை. அவள் என்ன எழுதினாள் என்று ஒருநாளும் திறந்து பார்க்காத, பார்த்தாலும் விளங்காத ஒரு கம்பெனிக்கு அது முதலில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து இன்னொரு ஒப்பந்தத்தின் வழியே பெர்லினுக்குப் போகிறது. திருநள்ளாற்று மாடியில் காலையில் எழுதிய ஒரு வரி, காப்பி ஆறுவதற்குள் இரண்டு முறை கைமாறிவிடுகிறது.

விசித்திரம் இத்தோடு முடியவில்லை. 19ஆம் பிரிவுப்படி இப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். வக்கீல் ஒருவர் அசட்டையாக ஒப்பந்தம் போட்டால், பெர்லின் கம்பெனி தான் சம்பளம் கொடுத்து எழுதவைத்த நிரலை பெர்லினில் பயன்படுத்தவே உரிமை இல்லாமல் நிற்கும். எழுத்தாளர்களைப் பதிப்பாளர்களிடமிருந்து காப்பாற்றப் போட்ட வேலி இன்று யார் யார் காலையோ கிழிக்கிறது. அதனால்தான் இந்தத் தொழிலில் உள்ள நல்ல கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் ‘உலகம் முழுதும், காலவரையின்றி’ என்று ஒரு வரி இருக்கும். படிக்கச் சலிப்பூட்டும் வரிதான்; அது அங்கே இருப்பதற்குக் காரணம் இதுவே.

உழைப்பு ஓரிடத்தில், ஒப்பந்தம் இன்னோரிடத்தில், எஜமானர் மூன்றாவது இடத்தில் என்ற இந்த முக்கோணம் திருநள்ளாறு இருக்கும் காரைக்கால் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரெஞ்சு வசமிருந்த புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகங்களாயின. கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு எல்லைக்குள் பிறந்தவர்கள்கூட அல்லர். சுற்றியிருந்த பிரிட்டிஷ் ஜில்லாக்களிலிருந்து மேஸ்திரிகள் ஆசை காட்டி அழைத்துவந்தவர்கள். அதனால் பிரிட்டன் தலையிட்டது. 1861 ஜூலை 1ஆம் தேதி இரண்டு அரசுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு மேல் போகக் கூடாது. வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரம்தான் வேலை. காலம் முடிந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம். ஏறும் துறைமுகத்தில் பிரிட்டிஷ் ஏஜென்ட் ஒருவர் இருந்து, போகிறவர் மனமறிந்துதான் போகிறாரா என்று விசாரிக்க வேண்டும்.

காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தீவில் போய் இறங்கியவருக்குச் சம்பளம் நின்றால் யாரைக் கேட்பார்? கூட்டி வந்த மேஸ்திரி இங்கே அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருப்பார். கப்பலேற்றிய கம்பெனி தன் தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கும். ரீயூனியனில் ஒப்பந்தச் சீட்டையே ஒரு தோட்டக்காரர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. சீட்டு போன இடத்துக்கு ஆளும் போக வேண்டும். நடக்கிற கொடுமைகளைப் பற்றி முறையீடுகள் குவிந்த பிறகு, 1882இல் ரீயூனியனுக்கும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கரீபியன் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. அதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் போயிருந்தார்கள்.

மாடியில் மடிக்கணினியோடு இருக்கும் பெண்ணை அந்தக் கூலிகளோடு ஒப்பிட்டால் அடுக்காது. அவள் பிடிக்காவிட்டால் நாளைக்கே ராஜினாமா எழுதலாம். நான் சொல்ல வருவது ஏற்பாட்டின் வடிவத்தைப் பற்றி. இடையில் ஒருவர் நிற்பதில் தவறில்லை. அவர் பொறுப்போடு நிற்கிறாரா, பேருக்கு நிற்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொழிலாளர் சட்டங்களின் வரலாறே இந்தப் பொறுப்பைத் தப்பிக்க விடாமல் ஓர் இடத்தில் ஆணியடித்து வைக்கும் முயற்சி என்று சொல்லலாம். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கியவர் கொடுக்க வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தக் கொள்கை தொடர்கிறது. ஜெர்மனி இன்னும் கறார். ஒரு கம்பெனியின் ஆளை இன்னொரு கம்பெனி வேலை வாங்க வேண்டுமானால் உரிமம் வேண்டும். பொதுவாக 18 மாதத்துக்கு மேல் அப்படி வைத்திருக்கக் கூடாது. தன் ஊரில் 18 மாதம் என்று கட்டுப்பட்டிருக்கும் கம்பெனி, நம் ஊரில் ஆண்டுக்கணக்கில் அதே ஏற்பாட்டில் ஓட்டுவதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அந்த ஓட்டத்தில் ஒரு பள்ளம் உண்டு. பெர்லின்காரர் கட்டணம் குறைவு என்று ஒரு ஈ.ஓ.ஆர். கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவார். அவளுக்கு நாற்காலி மாறாது, மேலதிகாரி மாறமாட்டார், செய்துகொண்டிருந்த வேலை பாதியில்கூட நிற்காது. ஆனால் சட்டப்படி அவள் ஒரு கம்பெனியில் ராஜினாமா செய்து இன்னொன்றில் புதிதாகச் சேர்ந்தவள். கிராஜுவிட்டிக்கு நிரந்தர ஊழியருக்குத் தொடர்ந்து ஐந்தாண்டு வேண்டும். நாலு வருஷம் ஓடிய கணக்கு அன்றைக்குப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். முந்தைய பணிக்காலத்தையும் சேர்த்துக்கொள்வோம் என்று எழுதி வாங்காமல் அந்த மாற்றத்துக்குத் தலையாட்டக் கூடாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தமாக இருந்தால் புதிய சட்டப்படி ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு. ஆகையால் தன் ஆர்டர் எந்த வகை என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்த ‘கன்சல்டன்ட்’ விஷயம். காலை ஒன்பது மணிக்கு லாகின், லீவுக்கு அனுமதி, வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை எல்லாம் உண்டு, ஆனால் பி.எஃப். இல்லை, மகப்பேறு விடுப்பு இல்லை, கிராஜுவிட்டி இல்லை. கையில் வரும் தொகை கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதால் பிள்ளைகள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். சுதந்திரமாகத் தொழில் செய்கிறவரைக் கன்சல்டன்ட் என்று அழைத்தால் நியாயம். ஊழியரைப் போலக் கட்டிவைத்துக்கொண்டு அப்படி அழைப்பது, பொறுப்பை மட்டும் கடலில் இறக்கிவிடும் பழைய வித்தை.

அதைவிட மோசம், ஈ.ஓ.ஆர். என்ற பேரைச் சொல்லிப் பணம் கேட்கும் போலிகள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கச் சட்டமே அனுமதிக்கிறது. அதற்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறது. ஈ.ஓ.ஆர். அப்படியல்ல. அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியவர் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் மட்டுமே. டெபாசிட், டிரெய்னிங், லேப்டாப் இன்ஷூரன்ஸ் என்று உங்களிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் அங்கேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள்.

திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. பிரெஞ்சு பென்ஷன் மாதாமாதம் வந்து சேரும் வீடுகள் இன்னும் காரைக்காலில் இருக்கின்றன. கடல் கடந்து வரும் சம்பளத்தின் சூட்சுமத்தை நாட்டுக்கே சொல்லிக்கொடுக்க வேண்டிய வட்டாரம் இது. ஆனால் கல்லூரிகளில் நேர்முகத் தேர்வுக்குக் கை குலுக்குவது முதற்கொண்டு பயிற்சி தருகிறார்கள். வேலை ஆர்டரை வாசிக்கச் சொல்லித்தர ஒரு வகுப்பு இல்லை. பிடித்த பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். கட்டினார்களா என்று போனிலேயே பாஸ்புக்கில் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

ஐயா, உங்கள் மகளின் ஆர்டரில் சம்பளத் தொகையை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். கையெழுத்துப் போட்டிருக்கும் கம்பெனியின் பதிவு முகவரி எது, தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்று அங்கே இருக்கும். அது ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய் இறங்கக்கூடிய ஊராக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.