கிராங் பேரிங்: எண்ணின் பின்னால் உள்ள எழுத்தையும் பாருங்கள்

வயல் வரம்பிலும் காட்டுப் பாதையிலும் ஓடும் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் தூசியையும் சேற்று நீரையும் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த எஞ்சினின் கிராங் தண்டை இரு பக்கமும் தாங்கி நிற்பவை பிரதான பேரிங்குகள். உள்ளே புகும் தூசியும், வண்டி நீண்ட நாள் நிற்கையில் ஏறும் துருவும் இவற்றைக் கெடுத்துவிடுகின்றன. எஞ்சினின் அடியில் உறுமல் கேட்டால், மக்னெற்றுச் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது. ரூ ஸ்ரோக் எஞ்சினில் கிராங் ஆடினால் ஒயில் சீலும் தேயும். மக்னெற்றுப் பக்கச் சீலினூடாக வெளிக்காற்று புகுந்தால் பெற்றோல் கலவை மெலிந்து, பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறி இறுகிவிடும். பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு முழு எஞ்சினுக்கும் வந்துவிடும்.

தெரிவு செய்தல்

பழைய பேரிங்கில் உள்ள எண்ணை வாசியுங்கள். உதாரணமாக 6205 என்றிருந்தால், கடைசி இரு இலக்கங்களை 5 ஆல் பெருக்க உள்விட்டம் 25 மி.மீ. என வரும். இதன் வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. எண் பொருந்தினால் போதும் எனப் பலர் நினைக்கின்றனர். புதுப் பேரிங் போட்டும் விரைவில் பழுதாவதற்கு இதுவே ஒரு காரணம்.

எண்ணின் பின்னால் வரும் 'சீ 3' என்ற குறி, குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. 6205 இல் சாதாரண வகையின் இடைவெளி 0.005 முதல் 0.020 மி.மீ. வரை, சீ 3 இல் 0.013 முதல் 0.028 வரை. இச்சிறு வித்தியாசம் எதற்கு? வெளிவளையம் எஞ்சின் உறையில் இறுகும்போது சுருங்குகிறது; உள்வளையம் தண்டில் இறுகும்போது விரிகிறது; ஓட்டத்தில் சூட்டால் மேலும் விரிகிறது. சாதாரண வகையில் இடைவெளி முற்றாக அற்றுப்போய், குண்டுகள் நெரிபடலாம். ஆகவே சீ 3, சீ 4 என உற்பத்தியாளர் எதைக் குறித்தாரோ அதையே வாங்குங்கள். பெற்றோலோடு வரும் ஒயில் குண்டுகளை அடைய வேண்டிய எஞ்சினுக்கு, இரு பக்கமும் றப்பர் மூடியுள்ள பேரிங் உதவாது.

பொருத்துதல்

உறையில் பெற்றோல் சிறிதும் இல்லாதவாறு கழுவி உலர்த்துங்கள். பின்னர் போறணையில் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள். தண்ணீர் சொட்டு விட்டால் 'சொய்' என்று பொங்க வேண்டும். பேரிங்கைப் பொலித்தீனில் சுற்றி முதல் நாளிரவே ஐஸ் பெட்டியில் வைத்திருங்கள். 80 பாகை சூடேறினால் 52 மி.மீ. அலுமினியத் துளை ஏறத்தாழ 0.1 மி.மீ. விரியும். பேரிங் தானாகவே உள்ளே இறங்கும். தடைப்பட்டால் வெளிவளையத்தை மட்டும் ஒரு குழாயால் நேராகத் தள்ளுங்கள். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் தடத்தில் பள்ளம் பதித்துவிடும்.

சூடாக்காமலே பேரிங் தளர்வாக இறங்கினால் துளை தேய்ந்துவிட்டது. அதைச் சுற்றிப் பொட்டுக் குத்தி இறுக்குவது நிலைக்காது. லேத் பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தண்டை உள்ளே செலுத்தவும் சுத்தியல் வேண்டாம். ரூ ஸ்ரோக் கிராங் துண்டுகளை அழுத்திச் சேர்த்துச் செய்யப்பட்டது, அடித்தால் கோணிவிடும். இழுகருவியால் மெதுவாக இழுங்கள். சீல்களையும் புதிதாகவே போடுங்கள். இறுதியில் கிராங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் மட்டுமே எஞ்சினை மூடுங்கள்.