உருமாறும் வண்டு: பழைய பொம்மையை மதிப்பிடுவது எங்ஙனம்?

பொன்வண்டைத் தீப்பெட்டியில் இட்டு, இலை கொடுத்து வளர்த்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. பூச்சிகள்மீது பிள்ளைகளுக்குள்ள இவ்வாசையை ஜப்பானியர் பிளாஸ்டிக்கில் வடித்தனர். தக்காரா நிறுவனம் 1980ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டயாகுளோன்’ வரிசையில், பூச்சியாக இருந்து இயந்திர மனிதனாக மாறும் பொம்மைகளும் பின்னர் இடம்பெற்றன. அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் அவற்றைப் பெற்று, ‘ட்ரான்ஸ்ஃபோமர்ஸ்’ என்னும் தன் வரிசையில் 1985ஆம் ஆண்டில் ‘இன்செக்டிகன்’ என்னும் பெயரால் விற்றது. மான்கொம்பு வண்டாகிய ஷ்ராப்னல், காண்டாமிருக வண்டாகிய பொம்ஷெல், வெட்டுக்கிளியாகிய கிக்பேக் என்பன அம்மூன்று.

இன்று இவை உலகெங்கும் சேகரிப்போர் தேடும் பொருள்கள். வெளிநாட்டு உறவினர் முன்னர் அனுப்பிய பொதிகளோடு வந்த பொம்மைகள், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டு அலுமாரியின்மேல் தூசிபடிந்து கிடத்தல் கூடும். அவற்றை விற்க எண்ணுவோரும், பிள்ளை கேட்டானென்று பிறரிடம் வாங்க எண்ணுவோரும் ஏமாறாதிருக்கச் சிலவற்றை அறிதல் வேண்டும்.

முதலாவது சோதனை உருமாற்றமே. தென்னைக்குக் கேடு விளைக்கும் காண்டாமிருக வண்டு, உக்கிய மரத்திலும் எருக்குவியலிலும் புழுவாய் வளர்ந்து பின்னர் வண்டாகின்றது. வண்டு மீண்டும் புழுவாவதில்லை. பொம்மையின் கடமையோ இதனினும் கடினம். அது போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். ஆகவே, இரு வடிவங்களிலும் அதனை நிறுத்திப் பாருங்கள். மனிதனாய்ச் சாயாது நிற்கின்றதா? பூச்சியாய் மடங்கும்போது உறுப்புகள் பொருந்துகின்றனவா? மூட்டருகே வெண்கோடு தெரியின், முன்னர் எவரோ பலவந்தமாக வளைத்துள்ளனர் என்பது பொருள். அவ்விடமே அடுத்து முறியும்.

மாணவர்க்கு இங்கொரு பாடமும் உண்டு. மனித வடிவத்துக்குக் கையும் காலுமாய் உறுப்புகள் நான்கு. பூச்சிக்கோ கால்கள் ஆறு. எஞ்சிய இரண்டையும் பொம்மை எங்கே ஒளித்துவைத்துள்ளது, அல்லது ஒளிக்காமலே விட்டுவிட்டதா என்று தேடிப்பாருங்கள். செய்தவனின் திறமை அங்கே வெளிப்படும்.

இரண்டாவது, முழுமை. துப்பாக்கி முதலிய சிறு உறுப்புகளே முதலில் தொலைவன. உணர்கொம்பும் வண்டின் கொம்பும் முறியாதிருத்தல் வேண்டும். நெஞ்சிலுள்ள மஞ்சள்நிறக் கண்ணாடி போன்ற மூடி, டயாகுளோன் காலத்தில் சின்னஞ்சிறு வீரன் ஒருவன் அமர்ந்த அறையினுடையது. ஹாஸ்புரோ விற்றபோது அவ்வீரன் நீங்கினான். அறை மட்டும் எஞ்சியது. ஆகையால், ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் பொம்மையில் வீரன் இல்லையென்று விலையைக் குறைத்துக் கேட்பது முறையன்று.

மூன்றாவது, மெய்ம்மை. போலிகள் ஏராளம். உடலில் பொறித்துள்ள நிறுவனப் பெயரையும் ஆண்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. 1985ஆம் ஆண்டு முதல் பல பொம்மைகளில் ஒட்டப்பட்ட சிறு சதுரச் சின்னத்தை விரலால் தேய்த்தால், உடற்சூட்டினால் அணியின் முகம் அதில் தோன்றும். எனினும் ஓர் எச்சரிக்கை: அதே ஆண்டில் விற்கப்பட்ட பெரிய பூச்சிகளாகிய வெனம், பராஜ், சொப் ஷொப், ரான்சாக் ஆகிய நான்கும் தக்காராவின் படைப்புகள் அல்ல, தக்கதோக்கு என்னும் வேறொரு ஜப்பானிய நிறுவனத்தின் அச்சுகளிற் பிறந்தவை. அவற்றில் தக்காராவின் பெயர் இல்லாமையைக் கண்டு போலியென எறிந்துவிடல் தவறு.

நான்காவது, நம் ஊரின் வெப்பமும் ஈரமும். கடலை அடுத்துள்ள வெள்ளவத்தையில் உப்புக்காற்று ஆணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். யன்னல் வெயில் வெளிர்நிறப் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும். ஒட்டுத்தாளையும் அட்டைப்பெட்டியையும் இராமபாணப் பூச்சி அரிக்கும். 1984ஆம் ஆண்டின் தொலைக்காட்சிக் கதையொன்றில் பாலித் தீவின் வயல்களை விழுங்கிய இயந்திரப் பூச்சிக்கு, இம்மெல்லிய பூச்சியே எமனாவது வேடிக்கையன்றோ! இருளும் உலர்வுமான இடத்தில், ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் வைத்தல் நன்று.

இறுதியாக ஒரு கேள்வி. திறக்காத பெட்டி மேலானதா, விளையாடிய பொம்மை மேலானதா? சந்தையில் திறக்காததற்கே விலை மிகுதி. ஆனால் மூடிய பெட்டியுள் மூட்டு உறுதியா, உறுப்பு பொருந்துமா என்பதை எவர் அறிவார்? உருமாறுவதே உயிரான ஒன்றை உருமாறாதபடி வைத்துப் பெருவிலை கொடுப்பது, வீணையை உறையிலிட்டு அதன் நாதத்தைப் புகழ்வது போலும்.

ஆதலின், குடும்பத்தினர்க்கு நாம் கூறுவது இது. பிள்ளையின் கல்விக்கென ஒதுக்கிய பணத்தில் கை வையாதீர். கைபட்டதாயினும் குறைவற்றதாய், உறுதியாய் மடங்கும் ஒன்றைத் தக்க விலைக்குத் தேர்ந்தெடுங்கள். மடக்கும் முறையை முதலில் நீங்கள் கற்று, பின் பிள்ளைக்குக் கற்பியுங்கள். பொறுமையோடு மடக்கத் தெரிந்த கையில் பழைய வண்டு இன்னும் பல்லாண்டு வாழும்.