திரையின் வேகமும் தாளத்தின் நடையும்

நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டுகளின் அருகில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. மணிக்கு இத்தனை டன் என்று மண் சீராக விழுந்துகொண்டிருக்கும்போது பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினால் மண் பரவி மெலிதாகத் தெரியும். குறைத்தால் குவிந்து உயரும். மறுமுனையில் ஒரு மணி நேரத்தில் வந்து விழும் மண்ணின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின், நகரியத்தில் தம்பியின் குடியிருப்புக்குப் போன ஒரு மாலையில் இது மீண்டும் நினைவுக்கு வந்தது.

அங்கே, மிருதங்கம் பயிலும் தம்பி மகள் மடிக்கணினியில் ஒரு தாள விளையாட்டுக்கு ‘சார்ட்’ வரைந்துகொண்டிருந்தாள். இசை ஒலிக்கும்போது திரையின் மேலிருந்து குறிகள் இறங்கிவரும். கீழேயுள்ள கோட்டை அவை தொடும் கணத்தில் உரிய விசையைத் தட்ட வேண்டும். 1997-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட பீட்மேனியாவால் பரவிய வடிவம் இது. அவள் பயன்படுத்தியது, ஆஸ்திரேலியரான டீன் ஹெர்பர்ட் 2007-இல் வெளியிட்ட ‘ஓசு!’ விளையாட்டின் மேனியா பிரிவு. எந்தக் குறி எந்தக் கணத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்று தீர்மானிப்பவர் சார்ட் வரைபவர். குறிகள் இறங்கும் வேகத்தை இடையிடையே கூட்டவும் குறைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை எங்கே பயன்படுத்தலாம் என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் அன்று வழக்கு நடந்தது.

வேகத்தை மாற்றினாலும் தட்ட வேண்டிய கணம் மாறாது. நிமிடத்துக்கு 75 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.8 நொடி. இயல்பான வேகத்தில் ஒரு குறி கோட்டுக்கு வந்துசேர அதே 0.8 நொடி ஆவதாகக் கொண்டால், வேகத்தை இரட்டித்தவுடன் அது 0.4 நொடியாகும். ஆக, மாறுபவை குறிகளுக்கு இடையே தெரியும் தூரமும், கண் படித்துக்கொள்ளக் கிடைக்கும் அவகாசமும். தேர்ந்தவர்கள் அரைத் தட்டுக்குப் பாதி வேகம் வைத்தால், அடுத்த அரைத் தட்டுக்கு ஒன்றரை மடங்கு வைத்துச் சராசரியை ஒன்றாக்கிவிடுவார்கள். தட்டுக்குத் தட்டு உள்ள தூரம் கலையாது. நடுவில் ஒரு துடிப்பு மட்டும் தெரியும்.

அவள் வரைந்தது, தானே வாசித்துப் பதிந்த ஆதி தாளத் தனி ஆவர்த்தனத்துக்கு. நானும் உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். சதுஸ்ர நடை முடிந்து திஸ்ரம் தொடங்கிய இடத்தில் விரல் தடுமாறியது. மூன்று முறை முயன்றும் அதே இடம்தான். “அந்த இடத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க பெரியப்பா” என்றாள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. நான்காகப் பிரிந்த தட்டு மூன்றாகப் பிரியும்போது குறிகளின் இடைவெளி திரையில் அகல வேண்டும். அவளோ அங்கே வேகத்தை 0.75 மடங்காகக் குறைத்திருந்தாள். மூன்றில் ஒரு பங்கை 0.75-ஆல் பெருக்கினால் நான்கில் ஒரு பங்கு. எனவே திஸ்ரத்தின் குறிகள் சதுஸ்ரத்தின் இடைவெளியிலேயே இறங்கின. காது தகிட என்றது. கண் தகதிமி என்றது. கணக்கு கெட்டிக்காரத்தனமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் நடை மாறியதையே மறைக்கும் சார்ட்டில் தாளம் அறிந்தவர் தோற்பார். அதை நூறு முறை ஆடியவர் வெல்வார்.

மேல்காலத்திலும் இதே சிக்கல் உண்டு. தாளம் போடும் கை மாறாதிருக்க, சொற்கள் இரட்டிக்கும். அங்கே திரையின் வேகத்தையும் இரட்டித்தால், குறிகள் கீழ்க்காலத்தின் இடைவெளியிலேயே தெரிந்து, தாளமே ஓடத் தொடங்கியதுபோல மயக்கம் வரும். வேகத்தைத் தொடாமல் விட்டால் குறிகள் நெருங்கி அடர்ந்து இறங்கும். அந்த அடர்த்திதான் மேல்காலம் என்பது என் கட்சி. பெல்ட் தன் வேகத்தில் ஓட, மண் மட்டும் உயர்வதுபோல.

மனிதர் வாசித்த பதிவு என்பதால் இன்னொரு தொல்லையும் இருந்தது. 75-இல் தொடங்கிய காலப்பிரமாணம் ஓரிடத்தில் 77-க்கு நகர்ந்திருந்தது. (வித்வான்கள் மன்னிக்க, மெட்ரோனோம் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் நகரத்தான் செய்யும்.) மேனியாவில் தட்டு எண்ணை மாற்றினால் திரையின் வேகமும் கூடவே மாறிவிடும். காது உணராத நகர்வு கண்ணுக்குக் குலுக்கலாகத் தெரியும். 75-ஐ 77-ஆல் வகுத்து, வேகத்தை 0.97 மடங்கு என வைத்து அதைச் சமன்செய்ய வேண்டும். அவள் இப்படி ஒவ்வோரிடமாகச் சரிசெய்திருந்தாள். ஆடுபவர் யாரும் கவனிக்கப்போவதில்லை. எனக்கு அந்த உழைப்பே பெரிதாகப்பட்டது.

வேக மாற்றமே கூடாது என்பவர்களும் உண்டு. ஸ்டெப்மேனியா என்னும் கட்டற்ற மென்பொருளில், வரைந்தவர் என்ன எழுதியிருந்தாலும் குறிகள் ஒரே வேகத்தில் வருமாறு ஆடுபவர் அமைத்துக்கொள்ளலாம். திரையின் திடீர் ஓட்டத்தில் தலைசுற்றுபவர்களுக்கு அது அவசியமான வசதி. ஆனாலும், கோர்வை மூன்றாம் முறையாக வந்து சமத்தில் விழுவதற்கு முன், குறிகள் ஒரு கணம் தயங்கிப் பின் பாய்வதை நான் எதிர்க்கவில்லை. அந்த முடிப்புக்காகக் காது ஏற்கெனவே காத்திருக்கிறது. கண்ணும் சேர்ந்து காத்திருந்தால் குற்றமில்லை.

இரவு உணவுக்கு முன் திஸ்ரப் பகுதியின் 0.75-ஐ அவள் நீக்கினாள். கோர்வையின் தயக்கத்தை விட்டுவைத்தாள். மறுபடியும் ஆடினேன். திஸ்ரம் கைக்கு வந்தது; கோர்வையில் இரண்டு குறிகள் தவறின. அந்த இரண்டுக்கும் என் விரல்தான் பொறுப்பு.