சோப்பு எண்ணெயைத் தொடட்டும், வாளித் தண்ணீரை அல்ல

வடை சுட்ட வாணலியில் வெறும் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். சோப்பு போட்டுத் தேய்த்தால் போய்விடுகிறது. இடையில் என்ன நடக்கிறது?

சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் (பொருளின் மிகச் சிறிய அலகு) ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய்தான் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே இடத்தில் வசதி என்றால், எண்ணெயும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் எல்லைதான். அங்கே மூலக்கூறுகள் வாலை எண்ணெய்க்குள் நுழைத்து, தலையைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து, நெருக்கியடித்து ஒற்றை அடுக்காக நிற்கின்றன. அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு.

தண்ணீர்மேல் படியும் இத்தகைய மெல்லிய படலங்களை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ஜெர்மனியின் ஆக்னஸ் பொக்கல்ஸ். கல்லூரிப் படி ஏறாதவர். வீட்டுச் சமையலறையில் சோதித்தார். அவர் முடிவுகள் 1891-இல் 'நேச்சர்' இதழில் வந்தன. அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும்.

தேய்க்கும்போது எண்ணெய் சிறு துளிகளாக உடைகிறது. உடைந்த துளிகள் மறுபடி ஏன் சேர்வதில்லை? பெரும்பாலான சோப்புகளின் தலையில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. தலைகள் போர்த்திய துளிகள் ஒன்றையொன்று தள்ளிவிடும்.

எவ்வளவு சோப்பு போதும்? ஒரு தேக்கரண்டி (5 மில்லி) எண்ணெயை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலத் துளிகளாக உடைத்தால், மொத்தப் பரப்பு 30 சதுர மீட்டர்! ஆனாலும் அதைப் போர்த்த, சோப்பு நீர்மங்களில் பரவலாக உள்ள சோடியம் லாரில் சல்பேட் சுமார் 30 மில்லிகிராம் போதும். அப்படியிருந்தும் சோப்பு ஏன் இவ்வளவு செலவாகிறது? தண்ணீரும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இதே பொருள் 2 கிராமுக்கு மேல் கரைந்த பிறகே மிசெல் (வால்களை உள்ளே மறைத்த மூலக்கூறு உருண்டை) உருவாகத் தொடங்கும்; அதுவரை பெரும்பகுதி தண்ணீரிலேயே கரைந்துகிடக்கும்.

ஆகவே எண்ணெய்ப் பாத்திரத்தைத் தண்ணீரில் மூழ்கவிட்டு சோப்பு ஊற்றாதீர்கள். எண்ணெயை வழித்தெடுங்கள். ஈரமான நாரில் சில சொட்டு விட்டு நேரே பிசுக்கின்மேல் தேயுங்கள். துளியாக உடைப்பது உங்கள் கைதான். சோப்பு உடைந்ததைக் காக்கிறது. தண்ணீர் அதற்குப் பிறகு.

நுரை வராவிட்டால் சுத்தமாகாதா? ஆகும். நுரை, காற்றும் தண்ணீரும் சேரும் எல்லையில் நடக்கும் வேலை. எண்ணெய்க்கு அது தேவையில்லை.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால்? அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புக் கட்டியின் தலையைப் பிடித்துக்கொள்ளும். சோப்பு வெள்ளையாகத் திரிந்து வீணாகும். பாத்திரம் கழுவும் நீர்மங்கள் இதில் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. அத்தகைய தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கட்டியைவிட நீர்மமே மிச்சம்.